ஜப்பான் கிராமப்புறத்தில் கோடைக்காலச் சாப்பாட்டுப் பயணம்: மணி தவறினால் பட்டினி

டோக்கியோவில் ராத்திரி பதினொரு மணிக்கும் சுடச்சுட ராமென் கிடைக்கும். அந்த நினைப்போடு நாகானோ மலைப்பக்கமோ கிஃபு ஆற்றோரமோ போய் இறங்கினால் முதல் நாளே வயிறு காயும். கிராமத்துச் சாப்பாட்டுக் கடை காலை 11 அல்லது 11:30க்குத் திறக்கும். கடைசி ஆர்டர் 1:30. இரண்டு மணிக்கு வாசலில் தொங்கும் துணித் திரையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். பல கடைகளுக்குச் சாயங்கால வியாபாரமே கிடையாது; திறக்கிற சில கடைகளும் 5:30க்குத் திறந்து 8 மணிக்குள் அடுப்பை அணைத்துவிடும். வார விடுமுறை புதனா வியாழனா என்பது கடைக்குக் கடை மாறும். மாவு தீர்ந்தால் அன்றைக்குக் கடை முடிந்தது என்று எழுதி வைத்திருக்கும் சோபா (பக்வீட் தானிய நூடுல்ஸ்) கடைகளும் நிறைய.

ஆகவே கோவில், அருவி, கோட்டை எல்லாவற்றையும் மதியம் இரண்டு மணிக்கு மேல் தள்ளுங்கள். அவை எங்கேயும் ஓடிப்போகாது. காலை எட்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், ஆறு மணிக்கு விடுதியில் இரவுச் சாப்பாடு: நாளை இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

எப்போது போவது? ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். வடக்கே தோஹோகுவில் ஜூலை கடைசி வாரம் வரைகூட இழுக்கும். யமகாதாவின் செர்ரிப் பழம் மட்டும் இந்த மழைக்குள்தான் வந்து போகும், அதற்காக நனைவதில் தப்பில்லை. ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ஓபோன் பண்டிகை. நகரத்தில் இருப்பவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குத் திரும்பும் நாட்கள். நெடுஞ்சாலை ஸ்தம்பிக்கும், விடுதி விலை ஏறும், குடும்பமாக நடத்தும் சின்னக் கடைகள் ஒன்று நிரம்பி வழியும் அல்லது மூடியிருக்கும். என் சிபாரிசு ஆகஸ்டின் கடைசிப் பத்து நாட்கள். ஆயு மீன் நன்றாக வளர்ந்திருக்கும். நாகானோவில் காவாநாகாஜிமா வகைப் பீச் இன்னும் கிடைக்கும். ஷைன் மஸ்கட் திராட்சை தலைகாட்டத் தொடங்கும். மேட்டு நிலங்களில் சோளம் முடிந்திருக்காது. புயல் ஒன்று குறுக்கே வரலாம் என்பது மட்டும்தான் குறை. அதற்காக ஒரு நாளைத் திட்டத்தில் காலியாக விட்டு வையுங்கள்.

காலையில் முதல் நிறுத்தம் மிச்சி நோ எகி. சாலையோர நிலையம், 1993ல் பதிவு முறை தொடங்கி இன்று நாடு முழுக்க 1,200க்கும் மேல் இருக்கின்றன. கார் நிறுத்தமும் கழிப்பறையும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் காய்கறிக் கடை பெரும்பாலும் 9 மணிக்குத் திறந்து 5 அல்லது 6 மணிக்கு மூடிவிடும். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் விடிகாலையில் பறித்ததை அவர்களே பையில் போட்டு, விலையும் பெயரும் ஒட்டி அடுக்குவார்கள். ஒரே வெள்ளரிக்காய் பக்கத்துப் பக்கத்தில் மூன்று விலையில் இருக்கும். எந்தப் பெயருள்ள பை வேகமாகக் காலியாகிறதோ அதையே எடுங்கள்; உள்ளூர்க்காரர்கள் பெயர் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் சமைத்துக் கொண்டுவரும் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளும் இங்கேதான் கிடைக்கும், பதினொரு மணிக்கு மேல் அந்த அலமாரி துடைத்து வைத்தது மாதிரி இருக்கும்.

கிஃபுவின் தாகாயாமாவில் தங்கினால் மியாகாவா ஆற்றோரக் காலைச் சந்தையும் ஜின்யா என்ற பழைய அரசு அலுவலகத்தின் முன்னால் கூடும் சந்தையும் கோடையில் 7 மணிக்கே தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். பஸ்ஸில் வரும் கூட்டம் 9 மணிக்கு மேல்தான் இறங்கும். அந்த ஊர் மித்தாராஷி தாங்கோவை விடாதீர்கள். அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியில் குத்தி சோயா சாஸ் தடவிக் கரியில் வாட்டுவது. மற்ற ஊர்களில் இதற்கு இனிப்புப் பாகு ஊற்றுவார்கள், தாகாயாமாவில் உப்புக் கரிப்பு மட்டும்தான். சைவம் சாப்பிடுபவர்கள் கவலையில்லாமல் கை வைக்கக்கூடிய பண்டங்களில் இதுவும் ஒன்று.

காய்கறி வாங்கி என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். சமையலறை உள்ள விடுதியாக இருந்தால் யமகாதாக்காரர்கள் கோடை முழுக்கச் சாப்பிடும் பச்சைக் கலவையைச் செய்துவிடலாம். ஜப்பான் சமையலில் எங்கும் சேர்க்கும் மீன் சாற்றுக்கு தாஷி என்று பெயர். இந்தக் கலவைக்கும் தாஷி என்றுதான் பெயர், ஆனால் இது மீன் சாறு அல்ல. இரண்டு பேருக்கு ஒரு வெள்ளரி, ஒரு கத்தரி, மூன்று வெண்டை, இரண்டு மியோகா (இஞ்சி வகை) மொட்டு, ஐந்து ஷிசோ என்ற வாசனை இலை. கத்தரியை முதலில் பொடியாக நறுக்கி உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பிழிந்துவிட வேண்டும். இந்த வேலையைத் தாண்டினால் துவர்ப்பு வாயை இழுக்கும். வெண்டையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் காட்டி எடுங்கள். எல்லாவற்றையும் அரை சென்டிமீட்டருக்குள் நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ் ஊற்றிக் கலந்து, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் வெண்டையின் வழவழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த டோஃபு மேலோ சூடான சோற்றின் மேலோ போட்டுச் சாப்பிட வேண்டும். மறுநாளைக்கு வைக்காதீர்கள், தண்ணீர் விட்டுப்போகும்.

ஆகஸ்டில் யமகாதாவின் த்சுருவோகா பக்கம் போனால் தாதாச்சா மாமே என்ற பச்சை சோயா மொச்சை. நெற்றின் மேல் பழுப்பு நிறச் சுணை இருக்கும், பார்த்தால் முற்றிப்போனது என்று தோன்றும், அது அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் உப்பு. அந்த உப்பில் கொஞ்சத்தை எடுத்து நெற்றுகளை முதலில் தேய்த்து, மூன்று நான்கு நிமிடம் வேகவைத்து வடித்துவிட்டு விசிறி ஆற வையுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசினால் மணமும் உப்பும் ஒன்றாகப் போய்விடும். சோளமும் இதே கதைதான்: பறித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும். அன்று காலை பறித்தது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். தோலோடு மைக்ரோவேவில் 600 வாட்டில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். காலையில் வாங்கிய சோளத்தைக் காரிலேயே வைத்துவிட்டுச் சாயங்காலம் தின்றுவிட்டு, ஜப்பான் சோளம் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்வது நியாயமில்லை.

பழத்தில் ஆளுக்காள் ஏமாறுவது தோட்டத்தில் பறித்துச் சாப்பிடும் டிக்கெட்டில். அரை மணி நேரம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்பார்கள். பெரிய பீச் மூன்றுக்கு மேல் யாராலும் உள்ளே தள்ள முடியாது. அதே பணத்துக்கு மிச்சி நோ எகியில், தோலில் கீறல் விழுந்ததால் விலை குறைத்த பழங்கள் ஒரு பை கிடைக்கும். யமகாதா, ஃபுகுஷிமா, யமனாஷி எங்கும் இந்தப் பைகள் உண்டு. பீச் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம். யமனாஷியிலும் ஃபுகுஷிமாவிலும் ஊர்க்காரர்கள் கெட்டியாக, கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும் பக்குவத்திலேயே தின்கிறார்கள். ஓடும் தண்ணீரில் சுணையைத் தேய்த்துவிட்டுத் தோலோடு கடிக்கலாம். மெத்தென்று வேண்டுமானால் அறையில் இரண்டு நாள் வெளியே வையுங்கள். சாப்பிடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால்தான் குளிர வைக்க வேண்டும். முதலிலேயே குளிர்பெட்டியில் வைத்த பீச் பழுக்காது, இனிப்பும் மங்கும்.

இப்போது மதியம். நாகானோவில் என்றால் சோபா, அதிலும் தோகாகுஷி. சுமார் 1,200 மீட்டர் உயரம் என்பதால் கீழே 35 டிகிரி கொதிக்கும்போது மேலே மூச்சு விடலாம். ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: கோடை சோபாவின் நல்ல பருவம் அல்ல. நாகானோவில் அறுவடை இலையுதிர்காலத்தில். ஆகஸ்டில் தட்டுக்கு வருவது போன வருஷத்து மாவின் கடைசி. தானியத்தைக் குளிர வைத்துப் பாதுகாத்து அன்றன்றைக்கு அரைக்கும் கடைக்கும், மூட்டையாக மாவு வாங்கும் கடைக்கும் வித்தியாசம் அதிகமாகத் தெரிவது இந்த மாதத்தில்தான். தானியம் அரைக்கும் கல் திரிகை கண்ணில் படும் கடையைத் தேடுங்கள்.

பெயர்பெற்ற கடைகளில் வாசலில் ஒரு தாளும் பேனாவும் இருக்கும். வந்தவுடன் அதில் பெயரும் ஆள் எண்ணிக்கையும் எழுத வேண்டும். எழுதாமல் வரிசையில் நின்றால் சாயங்காலம் வரை நிற்கலாம், யாரும் கூப்பிடமாட்டார்கள். நம் நீளப் பெயர்கள் அங்கே அழைக்கப்படும்போது நமக்கே அடையாளம் தெரியாது. 'ரவி', 'மாலா' என்று இரண்டெழுத்தில் ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள். தோகாகுஷியில் சோபாவை ஒரே குவியலாகக் கொட்டமாட்டார்கள். வட்ட மூங்கில் தட்டில் ஐந்தாறு சின்னச் சுருள்களாக, தண்ணீர் முழுக்க வடியாமல் அடுக்கி வரும். முதல் சுருளில் கொஞ்சம் எதையும் தொடாமல் மெல்லுங்கள். பிறகு நுனியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சாஸில் நனைத்தால் போதும், கிழக்கத்திச் சாஸ் கரிக்கும். வசாபியைச் சாஸில் கரைக்காமல் சோபா மேல் துளி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சோபா வெந்த தண்ணீரைச் சின்ன ஜாடியில் கொண்டுவருவார்கள். மிச்சச் சாஸில் ஊற்றிக் குடிப்பதற்கு. நம் வடிகஞ்சி மாதிரிதான், பழகினவர்கள் விடமாட்டார்கள்.

சோபா சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். அதே கடையில் உடோன் என்ற கோதுமை நூடுல்ஸ் வாங்கினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டும் ஒரே பானைத் தண்ணீரில் வேகலாம்.

கிஃபு பக்கம், நாகரா ஆற்றின் கரையில், கோடை என்றாலே ஆயு. பாறைப் பாசியைத் தின்று வளரும் ஆற்று மீன். பச்சையாக முகர்ந்தால் வெள்ளரிக்காய் வாசனை வரும். ஆற்றுக்கு ஆறு தேதி மாறினாலும் ஜூனுக்குள் பெரும்பாலும் மீன்பிடித் தடை நீங்கிவிடும். ஆற்றின் குறுக்கே மூங்கில் தட்டி போட்டு மீன் பிடிக்கும் இடத்துக்கு யானா என்று பெயர், அதையொட்டிக் கொட்டகை போட்டு உணவகம் நடத்துவார்கள். ஆறு சத்தமிட, காற்றில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் தட்டில் வருவது அந்தத் தட்டியில் விழுந்த மீன் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் வளர்ப்பு மீன்தான். ஆற்று மீன் என்றால் 'தென்னென்' என்று தனியாக எழுதி, விலை இரண்டு மடங்கு போட்டிருப்பார்கள். வளர்ப்பு மீனில் கொழுப்பு அதிகம், குடல் அவ்வளவு மணக்காது. ஒரு தடவையாவது தென்னென் கேளுங்கள்.

சுடும் விதம் முக்கியம். மீன் நீந்துவது போல உடலை வளைத்துக் குச்சியில் கோத்து, கருகாமல் இருக்க வாலிலும் துடுப்பிலும் உப்பை அப்பி, கரி நெருப்பைச் சுற்றித் தலை கீழாக நட்டு வைப்பார்கள். அரை மணி நேரத்துக்கும் மேலாகும். கொழுப்பு இறங்கித் தலையில் சேர்ந்து, தலை பொரிந்துவிடும். பதினைந்து நிமிடத்தில் வந்தால் முன்பே சுட்டுவைத்துச் சூடு காட்டியது. பச்சை நிறத்தில் ஒரு காடி வந்தால் அது தாதே என்ற காரத் தழையை அரைத்துக் கலந்தது, தொட்டுக்கொள்ள.

சின்ன மீனைத் தலையிலிருந்து வால் வரை அப்படியே கடிக்கலாம். பெரியதற்கு ஒரு வழி உண்டு. குச்சியை மெதுவாகத் திருகி உருவுங்கள். மீனை நிமிர்த்தி வைத்து, முதுகின் மேல் சாப்ஸ்டிக்கால் தலையிலிருந்து வால் வரை அழுத்திக்கொண்டே போனால் சதை முள்ளை விட்டுக் கழலும். துடுப்புகளைப் பிடுங்கி, வாலை ஒடித்து, தலைக்குப் பின்னால் தோலைச் சுற்றிக் கீறுங்கள். பிறகு உடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மெல்ல இழுத்தால் நடு முள் மொத்தமாகக் கூடவே வரும். பாதியில் அறுந்தால் இரண்டு காரணம்தான்: மீன் ஆறிப்போயிருக்கும், அல்லது முதுகை அழுத்தியது போதாது. படம் எடுக்கிற வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குடலை ஒதுக்காதீர்கள், அந்தக் கசப்புக்காகத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

குஜோ ஹாச்சிமானில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஊரே தெருவில் ஆடும். ஓபோன் நான்கு இரவுகளும் விடிய விடிய நடக்கும். கிஃபுவில் ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் சுட்ட சோளமும் குளிர்ந்த வெள்ளரியும் கிடைப்பது இது போன்ற இரவுகளில்தான்.

இடைப்பசிக்கு நாகானோவில் ஒயாக்கி. கோதுமை மாவுக்குள் கத்தரியும் மிசோ என்ற புளித்த சோயா விழுதும், பூசணி, நோசாவானாக் கீரை ஊறுகாய், சிவப்புப் பயறு என்று ஏதாவது வைத்து மூடியது. ஆவியில் வெந்தது மெத்தென்று இருக்கும், ஒகாவா கிராமம் பக்கம் அடுப்பில் வாட்டியது மொறுமொறுப்பாக இருக்கும், எனக்கு இரண்டாவதுதான். கிசோ பள்ளத்தாக்கில் கோஹேய் மோச்சி: இடித்த சோற்றைக் குச்சியில் பிடித்து, அக்ரூட், எள், மிசோ சேர்த்து அரைத்த விழுதைத் தடவிச் சுட்டது. ஒன்று தின்றாலே ஒரு வேளை ஓடும்.

இரவுச் சாப்பாட்டை விடுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புக் பண்ணும்போது 'இரண்டு வேளைச் சாப்பாட்டோடு' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும்; 'அறை மட்டும்' என்று எடுத்துவிட்டு அப்புறம் அந்த ஊரில் கடை தேடினால் பெட்ரோல் பங்க்கில் உள்ள பிஸ்கட்தான். சாப்பாடு 6 அல்லது 6:30க்கு. ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்து குளித்துவிட்டு உட்காருங்கள், தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள். தட்டின் ஓரத்தில் குட்டி அடுப்பில் மெழுகு மாதிரி ஒரு திட எரிபொருளைக் கொளுத்தி, மேலே சின்ன இரும்புப் பானையில் சோறு வைப்பார்கள். தீ தானாக அணைய இருபது நிமிடம் போல ஆகும். நடுவில் திறந்து பார்த்தால் அரிசி நடுவில் வேகாது. அணைந்த பிறகும் பத்து நிமிடம் மூடியே இருக்கட்டும்.

மலை நாகானோவில் குதிரைப் பச்சை இறைச்சி, கெண்டை மீன் மிசோ சூப், இனா பள்ளத்தாக்கில் குளவிப் புழுவும் வெட்டுக்கிளியும் பரிமாறும் வீடுகள் உண்டு. வேண்டாமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தட்டு வந்த பிறகு மாற்ற அவர்களிடம் வேறு எதுவும் இருக்காது.

சைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இறைச்சி தெரியும், மீன் தெரியும். தெரியாமல் வருவது கத்சுவோ மீன் சீவலில் எடுத்த தாஷிச் சாறு. சோபா சாஸ், மிசோ சூப், காய்கறி வேகவைத்தது, இனாரி சுஷியின் டோஃபுத் தோல் எல்லாவற்றிலும் அது இருக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீனைக் கூட்டி வைப்பார்கள். விடுதிக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்புங்கள்: நிகு மோ, சகானா மோ, சகானா நோ தாஷி மோ தாபேமாசென் (இறைச்சியும் மீனும் மீன் தாஷியும் சாப்பிடமாட்டேன்). முட்டை, பால் சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு வேலை சுலபம். சோபா கடையில் சாஸுக்குப் பதில் வெறும் சோயா சாஸும் துருவிய முள்ளங்கியும் கேளுங்கள். டெம்புராவுக்கு 'ஷியோ தே', அதாவது உப்போடு. ஆனால் இறால் பொரித்த அதே எண்ணெய் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். குளிர்ந்த டோஃபுவுக்கு 'கத்சுவோபுஷி நாஷி தே', அதாவது மீன் சீவல் இல்லாமல். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உமேபோஷி (உப்பில் ஊறிய உமே பழம்) வைத்த சோற்று உருண்டை சைவம் என்று பலர் நம்புகிறார்கள், பல பிராண்டுகளில் கத்சுவோ சாறு உண்டு. லேபிளில் உள்ள ஒவ்வாமைக் கட்டத்தைப் பார்த்தும் பயனில்லை. கத்சுவோ அந்தப் பட்டியலில் வராது. மூலப்பொருள் வரி முழுவதையும் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படியுங்கள்.

இரண்டு நாளாவது நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமானால் பௌத்தக் கோவில்கள் நிறைந்த கோயாசான் மலை. ஏறக்குறைய 50 கோவில்கள் விருந்தினரைத் தங்க வைக்கின்றன. இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத சாப்பாடு. உறைய வைத்து உலர்த்திய டோஃபு, எள்ளும் குட்சு என்ற கிழங்கு மாவும் சேர்த்துக் கிளறிய கோமா டோஃபு. மலைமேல் என்பதால் கோடையிலும் இரவில் குளிரும். சாப்பாடு ஐந்தரை மணிக்கே வந்துவிடும், அதனால் மதியம் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறாதீர்கள்.

மற்ற சில்லறை விஷயங்கள். ரொக்கம் வைத்திருங்கள், முக்கியமாக 1,000 யென் நோட்டும் 100 யென் காசும். டிக்கெட் மெஷின் வைத்த சில கடைகள் 2024 ஜூலையில் வந்த புது நோட்டுகளை இன்னும் விழுங்குவதில்லை. சாலையோரத்தில் ஆளில்லாமல் காய்கறி வைத்திருக்கும் தட்டியில் சில்லறை தர யாரும் இல்லை. வெயிலில் காரில் வைத்த சாப்பாட்டுப் பெட்டி ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடும். ஒரு குளிர்பை வாங்கிக்கொண்டால் பல சூப்பர் மார்க்கெட்டுகளில், பொருள் வாங்கியவர்களுக்குப் பையில் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஐஸ் இலவசமாகக் கிடைக்கும். கார் ஓட்டுபவர் ஒரு வாய் சாக்கேகூடத் தொடக்கூடாது. ஒரு லிட்டர் மூச்சுக்கு 0.15 மில்லிகிராம் இருந்தாலே தண்டனை. ஊற்றிக் கொடுத்தவருக்கும் தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவருக்கும் சேர்த்து.

தெற்கே போகிறவர்கள் மியாசாகியில் ஹியாஜிரு கேளுங்கள். கருவாடு, எள், சுட்ட மிசோ அரைத்த குளிர்ந்த குழம்பை வெள்ளரியும் டோஃபுவும் போட்டு பார்லி சோற்றில் ஊற்றுவது, வெயிலுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. ககாவாவில் உடோன் கடைகள் பல விடிகாலையில் திறந்து மதியம் இரண்டுக்குள் மூடிவிடும். ஒரே காலையில் இரண்டு கடை பார்க்க நினைத்தால் சின்ன அளவு வாங்குங்கள். அகிதாவின் கிசாகாதா கடற்கரையில் கோடையில்தான் பாறைச் சிப்பி, உள்ளங்கை அகலத்துக்கு.

ஊருக்கு எடுத்து வர பழம் வேண்டாம், விமான நிலையத்தில் தாவரச் சோதனையில் மாட்டும். உலர்ந்த சோபா கட்டு வாங்கலாம். மூலப்பொருள்கள் அளவு அதிகமானதிலிருந்து குறைவானதாகத்தான் எழுதப்பட்டிருக்கும். முதலில் கோதுமை மாவு என்று இருந்தால் அட்டையில் எவ்வளவு அழகான மலைப் படம் இருந்தாலும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.